மூன்று மாப்பிள்ளைகளும் ஒரு மாதுளையும்

அத்தியாயம் 11

விடியற்காலைக் கனவில் ஒரு மாதுளம்பழம் தானாகப் பிளந்தது. உள்ளே முத்துக்களுக்குப் பதிலாகச் சின்னச் சின்ன விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. ரஷீதா கையை நீட்டினாள். சூடு இல்லை. வெளிச்சம் மட்டும் விரலெல்லாம் ஒட்டிக்கொண்டது.

சிராங்கூன் ரோட்டில் எருமைகளை ஓட்டிக்கொண்டு போகிற சத்தம் கேட்டுக் கனவு கலைந்தது. கண்ணைத் திறந்த பிறகும் அந்தச் சிவப்பு அவளை விட்டுப் போகவில்லை. பாயில் எழுந்து உட்கார்ந்து, அது கரைகிறவரை அசையாமல் இருந்தாள்.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வார்த்தை சொல்லிவிடுகிறேன். பழைய வாசகர்கள் கோபித்துக்கொள்ளாமல் அதுவரை காப்பியை ஆற்றிக்கொண்டிருங்கள்.

ரஷீதாவும் அவள் கணவன் நாகூர் கனியும் சிங்கப்பூரில் சிராங்கூன் ரோட்டில் கல்லச்சுக் கடை நடத்துகிறார்கள். வழவழவென்ற கல்லில் படம் வரைந்து, மை தடவி, தாளில் எடுக்கிற வேலை. வரைகிறவள் ரஷீதா; பத்தமடையில் பாய்க்குச் சாயம் காய்ச்சிப் பூப்போடுகிற வீட்டுப் பெண். பேசுகிறவன் கனி, ராமநாதபுரத்துக்காரன். கடையும் கல்லும் கனியின் அண்ணன் யாக்கூபுக்குச் சொந்தம்.

கம்பங் கிளாமில் கைலி வியாபாரம் செய்கிற பெரிய குடும்பம் ஒன்று, தங்கள் கைலிக் கட்டுகளில் ஒட்ட ஒரு சாப்பு வேண்டுமென்று கேட்டிருந்தது. சாப்பு என்றால் முத்திரைப் படம். பசாருக்கு வருகிற மலாய்க்காரர்களுக்கும் சீனர்களுக்கும் தமிழ் படிக்கத் தெரியாது. சேவல் சாப்பு கொடு, குடை சாப்பு கொடு என்று படத்தைச் சொல்லித்தான் கேட்பார்கள். படம் மனசில் நின்றால் சரக்கு நகரும்.

ரஷீதா முதலில் வரைந்தது ஒற்றை மாதுளை. அதிலிருந்துதான் பிடித்தது சனி. அந்த வீட்டு மூத்த மாப்பிள்ளை காதர் மைதீன் கப்பல் வேண்டும் என்றார். நடு மாப்பிள்ளை ஹனீபா, சீமையிலிருந்து தருவித்த தம்முடைய சுவர்க் கடிகாரத்தைப் போடச் சொன்னார். கடைசி மாப்பிள்ளை நூருல் அமீனுக்குக் கிரீடம் இல்லாமல் முடியாது. கனி ஒவ்வொருவரிடமும் தலையாட்டிவிட்டு வந்தான். ரஷீதா மணல் போட்டுக் கல்லைத் தேய்த்து, பழசை அழித்து, புதுசு வரைந்தாள். அவள் விரல் நுனிகள் தேய்ந்துபோய் எதைத் தொட்டாலும் எரிந்தன.

யாக்கூபுக்குப் பொறுமை போய்விட்டது. வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்குள் சாப்பு முடிவாக வேண்டும். இல்லையென்றால் கல்லை விற்றுவிடுவார். தம்பி ஈப்போவில் கணக்கெழுதப் போகவேண்டும். ரஷீதா ஊருக்குக் கப்பலேற வேண்டும்.

கல்யாணமான கையோடு கனி சிங்கப்பூர் வந்துவிட்டவன். வருஷக்கணக்காக அவனுக்காகக் காத்திருந்து, போன மழைக்காலத்தில்தான் அவள் வந்து சேர்ந்தாள். ஒரு கூரையின் கீழ் சேர்ந்து சாப்பிடுகிற சுகம் இப்போதுதான் பழகியிருந்தது. அவ்வளவுதான் கதை. இன்றைக்கு வியாழன்.

காலையில் கனி புது மாதிரித் தாளை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினான்.

"எப்படியிருக்கு?"

ரஷீதா பார்த்தாள். கப்பல் மாதுளையின் தலையில் ஏறி நின்றது. கப்பலுக்குப் பக்கத்தில் கடிகாரம். கடிகாரத்துக்கு மேலே கிரீடம். மாதுளை எங்கேயோ அடியில் நசுங்கிக் கிடந்தது.

"கல்யாணத்துக்கு முந்தின நாள் சாமான் ரூம் மாதிரி இருக்கு" என்றாள்.

"ஒருத்தர் சொன்னதையும் விடல பாரு."

"அதைத்தான் மச்சான் நானும் சொல்றேன்."

கனி சிரித்தான். அவன் சிரித்தால் அவளுக்குக் கோபம் தங்காது. அது அவனுக்கும் தெரியும்.

"முதலாளிமாரு கேக்கறாங்க. முடியாதுன்னு சொல்லிட்டு வரச் சொல்றியா?"

"மூணு பேருமா முதலாளி?"

"பின்ன? மூணு பேரும் பெரிய நாற்காலியில உக்காந்திருக்காங்க. கணக்குப்பிள்ளைய அதட்டறாங்க. வேற எப்படி இருப்பான் முதலாளி?"

அதற்குள் யாக்கூப் வந்தார். தம்பி மனைவியிடம் நேரே பேசுகிற பழக்கம் அவருக்குக் கிடையாது. சொல்ல வேண்டியதை எப்போதும் கல்லைப் பார்த்துச் சொல்லுவார்.

"நாளைக்கு ஜும்மா" என்றார் கல்லிடம். "நாகப்பட்டினம் கப்பல் சனிக்கிழமை. இடம் கேட்டு வச்சிட்டேன்."

"இன்னிக்கு முடிஞ்சிரும்ணே" என்றான் கனி.

"இதைத்தான் போன மாசமும் சொன்னே."

கெட்ட மனுஷரில்லை யாக்கூப். போகும்போது வாசலில் நின்று, கடையின் பலகையை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். அதை எழுதிக் கொடுத்தவளும் ரஷீதாதான். கனி அண்ணனைச் சமாதானப்படுத்தப் பின்னாலேயே ஓடினான்.

கடையில் இயந்திரச் சக்கரம் சுற்றுகிற மருதப்பன் மட்டும் இருந்தார். ரஷீதா மூலையில் கிடந்த கோணியை விலக்கினாள். அடியில் ஒரு கல் இருந்தது. அதில் முதல் மாதுளை அழியாமல் இருந்தது. தேய்த்ததெல்லாம் வேறு கல். இதை மட்டும் அவள் தேய்க்கவேயில்லை. கனியிடம் சொல்லவும் இல்லை.

"அண்ணே, இதுல ஒண்ணே ஒண்ணு எடுத்துக் குடுங்க."

"கனிக்குத் தெரியுமா தங்கச்சி?"

"தெரியாது."

"அப்ப எனக்கும் தெரியாது லா" என்று மலாய்க்காரர் மாதிரி இழுத்துச் சொல்லி மருதப்பன் சக்கரத்தைப் பிடித்தார்.

தாளை உரித்தபோது சிவப்பு நிமிர்ந்து வந்தது. மையைக் குழைத்தவள் அவள்தான். பத்தமடையில் கோரைப்புல்லுக்குச் சாயம் ஏற்றும்போது பார்த்த நிறம் வருகிறவரை விடாமல் குழைத்திருந்தாள். ஈரம் காய்கிறவரை ஊதினாள். காய்ந்ததும் மடித்து முந்தானைக்குள் செருகிக்கொண்டாள். எதற்கு என்று கேட்டிருந்தால் அவளுக்கே பதில் தெரிந்திருக்காது.

பிற்பகல் மூடுவண்டியில் இருவரும் கிளம்பினார்கள். இதுவரை கனி மட்டுமே போய்வந்த வீடு. இன்றைக்கு அந்த வீட்டம்மா பதுருன்னிசா பீவி, 'வரைகிற பெண்ணையும் அழைத்து வா, மகளுக்கு மருதாணி வைக்க வேண்டும்' என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

வழியெல்லாம் மழை தூறியது. டிராம் வண்டி மணியடித்துக்கொண்டு கடந்து போனது. தலைக்கு மேலே அதன் கம்பியில் நீலப்பொறி ஒன்று பூத்து அணைந்தது. ரோச்சோர் கால்வாயில் படகுகள் அரைத்தூக்கத்தில் ஆடின. திரையை விலக்கிய சந்தில் ரஷீதா அதையெல்லாம் பார்த்துக்கொண்டே வந்தாள். இந்த ஊர் கண்ணுக்குப் பழகிய பிறகா போகச் சொல்வது என்று நினைத்தாள்.

"எல்லாரும் சொன்னதைப் போட்டாச்சு. இனி என்ன சொல்லப் போறாங்க?" என்றான் கனி.

பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டமாட்டான் என்று அவள் அத்தா சொல்வார். அதைச் சொன்னால் அவனுக்கு வலிக்கும்.

பீவியின் வீட்டு ஜன்னல்களில் கலர் கண்ணாடி பதித்திருந்தார்கள். உள்கூடத்துத் தரை முழுக்கப் பச்சையும் ஊதாவுமாக வெளிச்சம் விரிந்து கிடந்தது. மேகம் நகர்ந்தால் அந்த நிறமும் மெல்ல நகர்ந்தது. குளத்துக்குள் இறங்கி நடப்பதுபோல் ரஷீதா அடியெடுத்து வைத்தாள்.

முன்கூடத்துக்கும் உள்கூடத்துக்கும் நடுவே ஒரு மூங்கில் தட்டி. அந்தப் பக்கம் பேசுவது இந்தப் பக்கம் நன்றாகக் கேட்டது.

பதுருன்னிசா பீவிக்கு ஐம்பது வயதிருக்கும். தாய் மலாய்க்காரி, தகப்பனார் காயல்பட்டினம். மலாய்ச் சட்டையும் கழுத்தில் காசுமாலையுமாக, சாய்ந்து உட்கார்ந்து கண்ணை மூடியிருந்தார். தூங்குகிறாரா கேட்கிறாரா என்று தெரியவில்லை.

மகள் சம்சுன்னிசா கையை நீட்டினாள். சனிக்கிழமைக் கப்பலில் அவள் பரங்கிப்பேட்டைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போகிறாள். ரஷீதா அந்த உள்ளங்கையை மடியில் வைத்துக்கொண்டு மருதாணியைத் தொட்டாள்.

முன்கூடத்தில் தாளை விரித்தார்கள். "ஆஹா, இப்பத்தான் களை வந்திருக்கு" என்றது ஒரு குரல். "கடிகாரம் இன்னும் கொஞ்சம் பெருசா இருக்கலாம்" என்றது மற்றொன்று. "கிரீடம் பிரமாதம்" என்றது மூன்றாவது. கனியின் குரல் எல்லாவற்றுக்கும் "சரிங்க முதலாளி" என்றது.

பிறகு காதர் மைதீன் தட்டியோரம் வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"மாமி, வந்தவருக்கு இன்னொரு கோப்பி குடுக்கட்டுமா?"

பீவி கண்ணைத் திறக்காமல் தலையை அசைத்தார். வேலைக்காரி எழுந்து போனாள்.

ரஷீதாவின் கை நின்றது.

"கோப்பிக்கெல்லாமா கேப்பாங்க?" என்று சம்சுன்னிசாவிடம் மெதுவாகக் கேட்டாள்.

"கேக்காம? வீடு உம்மாவோடது. எங்க வழக்கத்துல வீடு பொண்ணுக்குத்தான். மாப்பிள்ளைங்கதான் பொண்ணு வீட்டுக்கு வந்து இருப்பாங்க. உங்க பக்கம் அப்படி இல்லையா?"

"இல்ல. எங்க பக்கம் நாமதான் மாப்பிள்ளை வீட்டுக்குப் போகணும். அப்ப கடை?"

"கடையும் உம்மாவோடதுதான். அவங்க வாப்பா குடுத்தது."

ரஷீதாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. கடலோரத்தை விட்டு உள்ளே தள்ளிய ஊர்க்காரன் கனி. அவன் ஊரில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவன்தான் வீட்டுக்காரன். கரையோரத்துச் சம்பிரதாயம் அவனுக்கு எங்கே தெரியும்? ஒரு கோப்பி கொடுக்க அதிகாரமில்லாத மூன்று பேருடைய ஆசைக்காகத்தான் அவள் விரல் தேயக் கல்லைத் தேய்த்திருக்கிறாள். மாப்பிள்ளைமார் ஏமாற்றவில்லை, அபிப்பிராயம் கேட்டால் யார்தான் இல்லையென்பார்கள்? முடிவு செய்கிறவர் யார் என்று கேட்க இவர்களுக்குத்தான் தோன்றவில்லை.

தாள் உள்ளே வந்தது. ஒப்புக்குத்தான். "நீங்களும் பாத்துட்டீங்கன்னா அச்சடிக்கச் சொல்லிரலாம் மாமி" என்றார் காதர் மைதீன்.

பீவி தாளைத் தூரமாகப் பிடித்துப் பார்த்தார். கிட்டத்தில் பார்த்தார். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"எல்லாரும் சரின்னா சரிதான்" என்றார்.

அந்த வார்த்தை ரஷீதா காதில் விழுந்தது. தலையை ஆட்டிவிட்டு இருந்தால் போதும். வேலை முடிந்தது, கப்பல் இல்லை, இன்றிரவு கனியோடு நிம்மதியாகச் சாப்பிடலாம். ஆனால் இந்தச் சாப்பை ஒட்டிய கைலியைப் பசாரில் ஒருவரும் பேர் சொல்லிக் கேட்கமாட்டார்கள். ஆறு மாதத்தில் பீவி படத்தை மாற்றுவார், கடையையும் மாற்றுவார். வாயைத் திறந்தாலோ முன்கூடத்தில் புருஷன் தலைகுனிய வேண்டிவரும். மருதாணிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"மாமி, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளு புள்ள."

"பசாருல இதை என்ன பேரு சொல்லிக் கேப்பாங்க? தாளை மறைச்சு வச்சிட்டு, அவங்க ஒவ்வொருத்தரையும் கேட்டுப் பாருங்களேன்."

பீவி அவளை முதன்முறையாக நன்றாகப் பார்த்தார். பிறகு தாளைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார்.

"மாப்பிள்ளை, நம்ம சாப்புக்கு ஜனங்க என்ன பேரு வைப்பாங்க?"

"கப்பல் சாப்பு மாமி" என்றார் காதர் மைதீன்.

"கடிகாரச் சாப்பு" என்றார் ஹனீபா, அவர் முடிப்பதற்குள்.

"கிரீடம்" என்றார் நூருல் அமீன். அதைச் சொல்லும்போதே அவர் குரல் இறங்கிவிட்டது.

சம்சுன்னிசா சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"கனி தம்பி, நீங்க என்ன சொல்றீங்க?" என்று பீவி கேட்டார்.

ரஷீதா தட்டியின் இடுக்கில் பார்த்தாள். கனி எழுந்து நின்றிருந்தான். நெற்றியில் வேர்த்திருந்தது. மூன்று மாப்பிள்ளைகளும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். யார் பேரைச் சொன்னாலும் மற்ற இருவர் கோபம் நிச்சயம். யாருக்கும் இல்லையென்று சொல்லிப் பழகாதவன் அவன்.

"மாதுளைங்க" என்றான் கனி. "என் வீட்டுக்காரி முதல்ல வரைஞ்சது அது ஒண்ணுதான். பாத்த அன்னிக்கே எனக்குப் புடிச்சிருந்துச்சு. சொல்லத் தைரியமில்ல."

ரஷீதாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. இதை அவன் அவளிடம்கூடச் சொன்னதில்லை. முந்தானையிலிருந்து தாளை எடுத்துப் பீவியின் முன் விரித்தாள்.

மேகம் விலகி ஜன்னல் வெளிச்சம் அதன்மேல் வந்து விழுந்தது. பீவி விரலால் சிவப்பைத் தொட்டார். நெடுநேரம் தொட்டுக்கொண்டே இருந்தார்.

"சாப் டெலிமா" என்று மாதுளைச் சாப்பை மலாயில் சொல்லிப் பார்த்தார். "வாயில லேசா வருது. சின்னப் புள்ளகூடச் சொல்லும். இதையே அடிங்க."

"மாமி, ஒரு ஓரமா சின்னதா கடிகாரம்..." என்று ஹனீபாவின் குரல் வந்தது.

"கடிகாரம் சுவத்துலயே இருக்கட்டும் மாப்பிள்ளை."

முடிந்தது. இவ்வளவு லேசான காரியத்துக்கா இத்தனை பாடு என்று ரஷீதாவுக்குத் தோன்றியது. ஆனால் பீவி தாளை மடிக்கவில்லை.

"இந்தச் சிவப்பை நீயா குழைச்சே?"

"ஆமா மாமி. பாய்க்குச் சாயம் காய்ச்சற வீடு எங்களோடது."

"என் கைலிச் சிவப்பு ரெண்டு துவைப்புல வெளுத்துப் போவுது. பரங்கிப்பேட்டைத் தறிக்காரங்களுக்கு எத்தனையோ தரம் சொல்லியனுப்பிட்டேன். படத்துல இந்தச் சிவப்பைக் காட்டி, துணியில அந்தச் சிவப்பைக் குடுத்தா பசாருல காறித் துப்புவாங்க." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சம்சுகூட நீயும் போயிட்டு வா. என் கடை ஆளாப் போ. அங்க உக்காந்து சாயத்தைச் சரிபண்ணிக் குடு. ஆறு மாசமும் ஆகும், வருஷமும் ஆகும்."

ரஷீதா அவரையே பார்த்தாள்.

"உன் வீட்டுக்காரரைக் கேக்கல. அவரு நல்ல மனுஷரு, ஆனா இது உன் கை வேலை. உன்னத்தான் கேக்கறேன். உனக்கு என்ன வேணும்?"

இப்படி ஒரு கேள்வியை இதுவரை யாரும் அவளிடம் கேட்டதில்லை. வேண்டாம் மாமி என்ற பதில் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. சொல்லியிருக்க வேண்டியதுதானே? ஆனால் சாயம் கொதிக்கிற வாசனை மூக்கில் ஏறிவிட்டது. நூல் நூலாக, தறி தறியாக அந்தச் சிவப்பு ஏறுவதையும், கடல் தாண்டி வந்து இந்த ஊர் முழுக்க உடுத்தித் திரிவதையும் கண்ணை மூடாமலே பார்த்தாள். மனம் துள்ளியது. எந்தக் கப்பலை நினைத்து ராத்திரிகளில் அழுதாளோ அதே கப்பலுக்காகத் துள்ளியது. அது அவளைப் பயமுறுத்தியது.

"நாளைக்குச் சொல்றேன் மாமி" என்றாள்.

திரும்பும்போது மழை விட்டிருந்தது. ரோச்சோர் பக்கம் விளக்கேற்றிக்கொண்டிருந்தார்கள். ஈரத் தெருவில் வெளிச்சம் நீளநீளமாகக் கிடந்தது. கனிக்குக் கால் தரையில் பாவவில்லை.

"அண்ணன் முகத்தை இப்பப் பாக்கணும். இந்தத் தடவையாவது கல்லைப் பாக்காம உன்னைப் பாத்துப் பேசறாரான்னு பாப்போம்." மூலையில் ஒளித்த கல்லைப் பற்றி ரஷீதா வண்டியில் ஏறியதுமே சொல்லியிருந்தாள். அவன் சிரித்தான். "அந்தக் கல்லைத் தேய்க்காம ஒளிச்சு வச்சிருக்கியே. மருதப்பண்ணனுக்கு இருக்குது என்கிட்ட. நல்ல கூட்டாளிங்க."

அவளும் சிரித்தாள். அவன் அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான். தேய்ந்த விரல் நுனிகளை ஒவ்வொன்றாகத் தடவினான்.

"இனிமே இதைத் தேய்க்க விடமாட்டேன். மாடியில இன்னொரு அறை எடுத்துக்கலாம். ஜன்னல் பக்கமா உனக்கு வரையற மேசை. நீ எங்கயும் போக வேணாம் ரஷீதா."

டிராம் ஒன்று எதிரே வந்து கடந்தது. அதன் சத்தம் அடங்குகிறவரை அவள் காத்திருந்தாள். பிறகு பீவி கேட்டதை ஒன்று விடாமல் சொன்னாள்.

"அவ்வளவுதானே?" என்றான் கனி. "முடியாதுன்னு சொல்லிரு. நான் வேணா நாளைக்குப் போய்ப் பக்குவமாச் சொல்லிட்டு வரேன்."

அவள் திரையை விலக்கித் தெருவைப் பார்த்தாள்.

"ரஷீதா?"

"என்ன வேணும்னு கேட்டாங்க மச்சான்."

"சரி. நீ என்ன சொன்னே?"

"ஒண்ணும் சொல்லல." அவள் கையை அவன் மடியிலிருந்து எடுக்கவில்லை. "ஆனா எனக்குப் போகணும்போல இருக்கு."

வண்டி கடை வாசலில் வந்து நின்றது. வண்டிக்காரன் இறங்கிக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். இருவரும் இறங்கவில்லை.